இருநூற்று அறுபது கிராம்

கடைப் பையன் இரண்டையும் திறந்து வைத்தான்.
ஒன்று தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
மூடினால் சாப்பாட்டுத் தட்டின் தடிமன்.
சார்ஜருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும்
ஒரே ஒரு துளை.
மற்றது ஆயிரத்து இருநூற்று நாற்பது.
கறுப்பு. கொஞ்சம் முரடு.
விசையை அழுத்தினால் விரல் தரை தொடுகிறது,
அழுத்தினோம் என்று தெரிகிறது.
“தூக்கிப் பாருங்கள், சிஞோரா.”
தூக்கினேன்.
கடைக்குள் எதுதான் கனக்கிறது?

மூன்று நாள் தவணை வாங்கிக்கொண்டு
நேராக ஓந்தீனாவின் பாலாடைக்கட்டிக் கடைக்குப் போனேன்.
இருநூற்று அறுபது கிராம் மொந்தாசியோ, என்றேன்.
கால் கிலோவா, என்றாள்.
இல்லை. இருநூற்று அறுபது.
கத்தியை நகர்த்தினாள், திரும்ப நகர்த்தினாள்.
தராசு இருநூற்று அறுபத்து மூன்று காட்டியது.
மூன்று கிராமைச் சீவித் தன் வாயில் போட்டுக்கொண்டு
எதற்கு இப்படி, என்றாள்.
சுமந்து பார்க்க.

பழைய கணினி போன வாரம் கண்ணை மூடிவிட்டது.
அதன் இடத்தில்
ஒரு கிலோ மாவுப் பொட்டலம், ஒரு கரண்டி குறைத்து.
அதன்மேல் பாலாடைக்கட்டி.
வலது தோளில் மார்ச் மாதத் தையல்.
சான் ஜாகமோ மேட்டிலிருந்து இறங்கும்போது
ஒன்றும் தெரியவில்லை.
போரா காற்று எதிரே வந்து
தெருவையே கையால் விலக்குவதுபோல் விலக்கியபோது
பையில் கொஞ்சம் கனம் இருந்தது நல்லதென்றுகூடத் தோன்றியது.
ரயில் நிலையப் படிகளில் அந்த எண்ணம் மாறியது.
மொன்ஃபல்கோனே தாண்டியதும்
பையை மடியில் வைத்தேன்.
அங்கே இரண்டு கணினியும் ஒரே எடை.

கொரீசியா நீதிமன்றம், இரண்டாம் மாடி.
கிடங்குத் தொழிலாளி ஸ்த்ராவ்கோ
ஸ்லோவேனியத்தில் ஒரு வினைச்சொல் சொன்னான்.
இத்தாலியத்தில் அதற்கு இரண்டு உண்டு.
ஒன்று எழுதினால் நான்கு மாதம்.
மற்றது எழுதினால் கண்டித்து அனுப்பிவிடுவார்கள்.
இரண்டுக்கும் நடுவே ஒரு குன்றிமணி இடம்;
இருபது வருடமாக அங்கேதான் எனக்குச் சம்பளம்.
நீதிபதி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.
செய்து காட்டச் சொல்லட்டுமா, என்றேன்.
காட்டட்டும்.

ஸ்த்ராவ்கோ எழுந்தான். சுற்றிலும் பார்த்தான்.
தள்ளுவதற்கு ஆளில்லை;
என் பைதான் மேசை விளிம்பில் இருந்தது.
உள்ளங்கையை வைத்தான்.
ஒரு விரற்கடை நகர்ந்தது பை.
அடுத்த விரற்கடைக்கு மேசை இல்லை.

மாவு முதல் வரிசை வரை போயிற்று.
வக்கீலின் ஒரு ஷூ கறுப்பு, ஒன்று வெள்ளை.
காகிதத்தில் சுற்றிய மொந்தாசியோ உருண்டு
காவலர் காலடியில் நின்றது.
“இது என்ன?” என்றார் நீதிபதி.
லேப்டாப், என்றேன்.

சிரிப்பு அடங்கியதும் எழுதினேன்:
தள்ளினான். பக்கத்தில்: மெல்ல.
வக்கீல் ஆட்சேபித்தார்.
விளிம்பு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.
அவர் சொன்னதும் தவறில்லை.
தீர்ப்பு செப்டம்பருக்குப் போயிருக்கிறது.
வெளியே வரும்போது ஸ்த்ராவ்கோ
மாவுக்கு எவ்வளவு என்று கேட்டான்.
வேண்டாம் என்றதற்கு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

திரும்பும் ரயிலில் பாதிக் கட்டியைத் தின்றேன்.
கடல் இருட்டாக வந்தது கூடவே.
மிச்சம் நூற்று முப்பது இருக்கும்.
தோள் அப்போதும் வலித்தது,
பையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலே.

மூன்றாம் நாள் பையன் முகம் மலர்ந்து
லேசானதைத்தான் முன்னால் தள்ளினான்.
மற்றது, என்றேன்.
“தோள் வலி என்றீர்களே?”
விசை தரை தொடுகிறது, என்றேன்.
அவனுக்கு அது விளங்கவில்லை.
பில்லைப் போட்டுவிட்டான்.

மேட்டில் ஏறும்போது
ஓந்தீனா கதவை முழங்காலால் திறந்து நின்றாள்.
இன்றைக்கு எத்தனை கிராம், சொல்லித் தொலை.
கண்ணளவாக வெட்டு, என்றேன்,
பையை மறுதோளுக்கு மாற்றியபடி.